ஆர்லோ மக்கீனுக்குப் பக்கத்தில் நின்றவன்

லேக்போர்ட் நகரத்தின் கிழக்கு முனையில் காஸ் என்கிற கசிமிர் ஓல்சாக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. எதற்காகத் தெரியும் என்பதுதான் அவனுக்குப் பிடிக்காது. ஒன்பது வருஷம் லேக்போர்ட் டிரம்மர்ஸ் பேஸ்பால் அணியில் லெஃப்ட் ஃபீல்டில், மட்டைக்காரனுக்கு இடப்பக்கம் தூரத்தில், பந்து பிடிக்க நின்றவன். பிறகு ஆறு வருஷமாக அதே கிழக்கு முனைத் தெருக்களில் தபால் கொடுக்கிறான். அந்த ஒன்பது வருஷத்தில் அவன் பிடித்த பந்துகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஊர் ஞாபகம் வைத்திருப்பது பிடிக்காமல் விட்ட ஒன்றை.

"காஸ், கைல குடுத்துட்டுப் போ. பெட்டியில போட்டா தலைக்கு மேல போயிரப் போவுது" என்பாள் தொத்திறைச்சிக் கடை வைத்திருந்த பானி ஸெலிங்கா. போலிஷ்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் வயதான பெண்கள் எல்லோருமே பானி.

"பாத்துதான் போடுறேன் பானி."

"அன்னிக்கும் பாத்துக்கிட்டுதானே நின்ன!"

காஸ் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். கோபப்பட்டால் இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனும் அந்தத் தெருவில் பிறந்தவன்தான். அவன் வேறு யாரையாவது இப்படித்தான் ஓட்டியிருப்பான்.

போர் முடிந்த அடுத்த வசந்தத்தில் டிரம்மர்ஸ் அவனை எடுத்துக்கொண்டது. எங்கள் தெருப் பையன் ஒருத்தன் பெரிய லீக்கில் ஆடுகிறான் என்று மாதாகோவிலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஆனால் அவன் போய் நின்ற இடம் அப்படி. அவனுக்கு அடுத்து, நடு மைதானமான சென்டர் ஃபீல்டில், ஆர்லோ மக்கீன் நின்றான். ஓக்லஹோமாவில் கோதுமை விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. நெட்டையன், வாய் திறந்து பேசமாட்டான், கால் மட்டும் பேசும். அந்த ஆள் பக்கத்தில் நின்றால் இன்னொருத்தன் நிற்பது யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? சென்டர் ஃபீல்டு ஆள் "எனக்கு!" என்று கத்திவிட்டால் பக்கத்தில் இருப்பவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலில் அது சட்டம். காஸ் ஒதுங்கினான். ஒதுங்குவதில் அவனளவுக்குக் கெட்டிக்காரன் லீக்கிலேயே இல்லை என்று பத்திரிகைக்காரன் ஒருத்தன் நக்கலாக எழுதினான். காஸ் அதை வெட்டி வைத்துக்கொண்டான், பேர் வந்ததே என்று.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. ஆறாவது வருஷம் மே மாதத்தில் ஒரு பந்து சென்டர் ஃபீல்டுக்கு உயரமாகக் கிளம்பியது. ஆர்லோ நட்டுவைத்த கம்பம்போல நின்றான். காஸ் ஒரு நொடி பொறுத்துப் பார்த்தான், பிறகு தாங்காமல் கத்தினான்: "பின்னாடி! போ, போ!" அவனுடைய அப்பா தெருத்தெருவாக ஐஸ் கட்டி விற்றவர். குரல் அவர் கொடுத்தது. ஆர்லோ திரும்பி ஓடி, சுவர் ஓரத்தில் அந்தப் பந்தைத் தோளுக்கு மேலாகப் பிடித்தான். வந்திருந்த கொஞ்சப் பேரும் எழுந்து நின்றார்கள்.

அந்த வருஷங்களில் ஆட்டக்காரர்கள் பேட் பிடிக்கப் போகும்போது கையுறையைப் புல்லிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது குனிந்து எடுத்துக்கொள்வார்கள். முப்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய இடத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் ரகசியம் பேச வேண்டுமென்றால் அந்தப் புல்வெளியைவிட்டால் வேறு இடம் கிடையாது.

"நீ கத்தினியே" என்றான் ஆர்லோ, கையுறையிலிருந்து எறும்பைத் தட்டிக்கொண்டே.

"நீ நின்னுட்டு இருந்தியே."

"ஜனங்க வெள்ளைச் சட்டையில உக்காந்திருக்காங்கல்ல. அதுல பந்து தொலைஞ்சுபோச்சு."

"இன்னிக்குப் புதன்கிழமைடா. கூட்டமே இல்ல. காலி பெஞ்சு."

ஆர்லோ கையுறைக்குள் இன்னொரு எறும்பைத் தேடினான். பிறகு சொன்னான்: "மட்டையை விட்டுக் கிளம்புறது தெரியல காஸ். மேல ஏறி வந்துட்டா தெரியுது. அந்த ஒரு நொடிதான்."

"பேட் பிடிக்கும்போது?"

"பந்து போடுறவன் அறுபதடிலதானே நிக்கிறான். அது தெரியுது. தூரத்துலதான் மங்கல்."

"கண்ணாடி போட்டுக்கோ."

"போட்டுக்கிட்டு? மறுநாளே கிழவன்னு எழுதுவான். முதலாளி அதைக் கத்தரிச்சு வச்சுக்கிட்டு அடுத்த ஒப்பந்தத்துல என் முன்னாடி நீட்டுவான். எனக்கு முப்பத்திமூணு வயசுடா."

காஸ் தலையைச் சொறிந்தான். "சரி போ. நான் கத்துறேன்."

இவ்வளவுதான் பேச்சு. பிறகு நாலு வார்த்தை வைத்துக்கொண்டார்கள். பின்னாடி, முன்னாடி, காஸ் பக்கம் என்றால் வா, மறுபக்கம் என்றால் போ. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் கத்திக்கொள்வது புதிதல்ல. யாரும் காது கொடுக்கவில்லை. விதியில் இதற்குத் தடையும் கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் வெளியே மூச்சு விடவில்லை. காஸ் தன் பெண்டாட்டி யாட்விகாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் பேக்கரியில் வேலை பார்த்தாள். பேக்கரியில் ஒரு விஷயம் சொன்னால் ரொட்டி வேகும் முன்னே ஊருக்குப் போய்விடும்.

அந்த வருஷத்தோடு சேர்த்து நாலு பருவமும் ஆர்லோ மக்கீன் பிடித்த பிடிகளைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் முன்னைவிட நன்றாக ஓடுகிறானே என்று ஆச்சரியப்பட்டார்கள். 'மட்டையில் பந்து படும் சத்தத்திலேயே கிளம்பிவிடுகிறான், இவன் காதாலேயே பந்தைப் பார்க்கிறான்' என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். ரயிலில் காஸ் அதை வாசித்துக் காட்டினான். ஆர்லோ குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கில் ஏறி, இருமி, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டியிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காஸுக்கு இதில் நஷ்டமும் உண்டு, லாபமும் உண்டு. அவன் பேட்டிங் எப்போதும் சுமார்தான். கத்த ஆரம்பித்த மூன்றாவது வருஷம் இன்னும் இறங்கியது. மேனேஜர் ஃபிட்ச் அவனைச் சின்ன லீக்குக்கு அனுப்பப் பெட்டியைக் கட்டச் சொன்னார். ஆர்லோ அவர் அறைக்குப் போய், "காஸ் லெஃப்ட்ல இல்லன்னா நான் சென்டர்ல இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தான். ஃபிட்ச் இதை நட்பு என்று நினைத்தார். நட்பும்தான். ஆனால் நட்பு மட்டும்தான் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

கடைசியாக அந்த ஞாயிறு வந்தது. செப்டம்பர் மாசக் கடைசி. அந்த ஆட்டத்தை ஜெயித்தால் லீக் பட்டம் எங்களுக்கு. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எதிராளிகள் மூன்று பேர் ஓடி வரத் தயாராகத் தளத்துக்கு ஒருத்தராக நிற்கிறார்கள், நாங்கள் இரண்டு ரன் முன்னால். இன்னும் ஒரே ஒரு பிடி போதும். பந்து கிளம்பியது, லெஃப்ட் ஃபீல்டுக்கு, காஸின் தலைக்கு மேலாக. அவன் பத்தடி பின்னால் போயிருந்தால் மடியில் வந்து விழுந்திருக்கும். யாட்விகாவின் அப்பாகூட அதைப் பிடித்திருப்பார், அவருக்கு ஒரு கால் கட்டை.

நாலு வருஷமாகப் பந்து மட்டையில் பட்டதும் காஸுக்கு முதலில் ஓடுவது வாய்தான். கால் அப்புறம்தான். "பின்னாடி! வா, வா!" என்று கத்தினான். கத்திவிட்டு, ஆர்லோ கிளம்புகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றான். ஆர்லோ கிளம்பினான். சொன்ன பேச்சைக் கேட்கிறவன். அங்கிருந்து நாற்பது கெஜம் தலைதெறிக்க ஓடிவந்து, எட்டவே எட்டாத பந்துக்குப் பாய்ந்து, முகம் புல்லில் பட விழுந்தான். அந்தப் பந்து தன்னுடையது என்று காஸுக்கு உறைத்தபோது அது அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு முறை குதித்துவிட்டது. தளத்தில் நின்ற மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள், மூன்று ரன், பட்டம் போனது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம். காஸ் இரண்டு கையும் தொங்க, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஆர்லோ புல்லில் குப்புறக் கிடக்கிறான். அந்தப் பெரிய மனுஷன் இன்னொருத்தனுடைய பந்துக்காகக்கூட உயிரைக் கொடுத்து ஓடினானாம், இந்தச் சோம்பேறி வேடிக்கை பார்த்தானாம். படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

ஆட்டம் முடிந்த அன்று எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு வந்தார்கள். ஆர்லோ காஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே இருந்தான், ஒரே நாடாவை, ரொம்ப நேரம். ஏதோ சொல்லப் போகிறான் என்று காஸ் காத்திருந்தான். பத்திரிகைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். "என்னாச்சு காஸ்?" என்று கேட்டார்கள். "தெரியல, நின்னுட்டேன்" என்றான். ஆர்லோ எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

நவம்பரில் காஸை அணி விடுவித்தது. அடுத்த வசந்தத்தில் லெஃப்ட் ஃபீல்டில் கலிஃபோர்னியாப் பையன் ஒருத்தன் நின்றான், நல்ல ஆட்டக்காரன், வாய் திறக்காதவன். ஏப்ரலில் ஆர்லோ மூன்று பந்துகளைத் தவறவிட்டான். மே மாதம் நிருபர்களைக் கூப்பிட்டு, "கால் முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது. தள்ளிவிடுறதுக்கு முன்னாடி நானே போயிடுறேன்" என்று சொல்லி ஓய்வு பெற்றான். எப்போது போக வேண்டும் என்று தெரிந்த மனிதர் என்று தலையங்கமே எழுதினார்கள். அவனுக்கு எப்போது போக வேண்டும் என்று காஸ் போன நவம்பரிலேயே தெரிந்திருக்கும்.

காஸ் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு ஆர்லோவிடமிருந்து வாழ்த்தட்டை வரும். தன் வீட்டுக்கு வருகிற அட்டையைத் தானே கொண்டுவந்து தன் பெட்டியில் போட்டுக்கொள்வான்.

தபால் வேலையில் ஆறாவது வருஷம், பெரிய ஆட்டக்காரர்களின் பேரைச் செம்புத் தகட்டில் பொறித்து வைக்கிற புகழ் மண்டபத்துக்கு ஆர்லோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று ஜனவரியில் செய்தி வந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பனியில் நடந்த காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு காஸ் உட்கார்ந்திருந்தபோது டெலிபோன் அடித்தது. யாட்விகா பேக்கரிக்குப் போயிருந்தாள். ஈரக்காலோடு போய் எடுத்தான்.

"காஸா? நான் ஆர்லோ."

"டேய்! பெரிய மனுஷா! எப்படிடா இருக்க?"

"இருக்கேன். கண்ணாடி போட்டிருக்கேன் இப்ப. சோடாபுட்டிக் கண்ணாடி." இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு ஆர்லோ தொண்டையைச் செருமினான். "ஜூலைல மேடையில பேசணுமாம். எழுதிக்கிட்டிருக்கேன். உன்னைப் பத்திச் சொல்லலாம்னு பாக்குறேன். நடந்தது எல்லாத்தையும். நீ கத்துனது, அந்தக் கடைசிப் பந்து, எல்லாம். நீ என்ன சொல்ற?"

காஸ் டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஆறு வருஷமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். எத்தனையோ வீட்டு வாசலில், எத்தனையோ பேர் இளித்தபோது, வாய்வரை வந்ததை அவன் விழுங்கியிருக்கிறான். ஆர்லோவே சொன்னால் போதும், ஒரே நாளில் எல்லா வாயும் மூடும். பானி ஸெலிங்கா தொத்திறைச்சியைச் சும்மாவே கொடுப்பாள்.

"அட, அதெல்லாம் எதுக்குடா இப்ப? வேணாம் விடு" என்றான்.

இதை எங்கள் கிழக்கு முனையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களில் யாரும் முதல் தடவை கேட்டதும் சரி என்பதில்லை. சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்போம். இன்னொரு முறை கேட்டால், இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். மூன்றாவது முறை தட்டை வைத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தால் உட்காருவோம். அதுதான் மரியாதை. எடுத்தவுடன் சரி என்பவனை நாங்கள் பஞ்சத்தில் அடிபட்டவன் என்போம். ஓக்லஹோமாவில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது.

"சரி காஸ்" என்றான் ஆர்லோ. "நீ சொன்னா சரி."

சொன்ன வேகம் இருக்கிறதே, அதுதான் காஸுக்குச் சுருக்கென்றது. பாரம் இறங்கியவன் விடுகிற மூச்சு கம்பி வழியாகக் கேட்டது. இன்னொரு தடவை கேட்பான் என்று காஸ் டெலிபோனைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஆர்லோ ஓக்லஹோமாவில் மழை இல்லை என்றான், யாட்விகாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான், வைத்துவிட்டான். வெந்நீர் ஆறிவிட்டது.

அதற்குப் பிறகும் காஸ் நம்பிக்கையை விடவில்லை. மேடையில் ஏறினால் மனசு மாறலாம், ஆள் நல்லவன், எப்படியும் சொல்லிவிடுவான் என்று ஐந்து மாசம் நினைத்துக்கொண்டிருந்தான். ஜூலையில் விழா நடந்த அன்று மாதாகோவில் மண்டபத்தில் ரேடியோவை வைத்தார்கள். பீர் பீப்பாய் வந்தது, முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் வந்தன. கிழக்கு முனை முழுக்க வந்து உட்கார்ந்தது. காஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். யாட்விகா பக்கத்தில்.

ரேடியோவில் முதலில் யாரோ செம்புத் தகட்டில் பொறித்ததை வாசித்தார்கள். பிறகு ஆர்லோ பேசினான். அப்பாவுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, ஃபிட்சுக்கு நன்றி. காஸ் நாற்காலி நுனிக்கு வந்தான். "அப்புறம் எனக்குப் பக்கத்துல லெஃப்ட் ஃபீல்டுல ஒன்பது வருஷம் நின்ன காஸ் ஓல்சாக்" என்றது ரேடியோ. மண்டபத்தில் எல்லோரும் காஸைத் திரும்பிப் பார்த்தார்கள். யாட்விகா அவன் கையைப் பிடித்தாள். "காஸ் மாதிரி ஒரு ஆள் கிடைக்க ஒரு சென்டர் ஃபீல்டர் கொடுத்து வச்சிருக்கணும்" என்றான் ஆர்லோ. கொஞ்சம் நிறுத்தினான். "அவன் ஒரு தடவைகூட என் வழியில குறுக்க வந்ததில்ல."

அங்கே விழாவில் சிரித்தார்கள். இங்கே மண்டபத்தில் கூரை பிய்ந்தது. "கடைசிப் பந்துலயும் குறுக்க வரலையே காஸ்!" என்று எவனோ கத்தினான். பீர் பீப்பாய்க்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பானி ஸெலிங்கா அவன் முதுகில் தட்டி, "பாத்தியா, உன் பேரு புகழ் மண்டபத்துல!" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான சந்தோஷத்தில்தான் சொன்னாள். காஸும் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான், குரல் வளம் அப்படி.

வீட்டுக்கு நடந்து போகும்போது இன்னும் வெயில் இருந்தது. பாதி வழியில் யாட்விகா அவன் பக்கம் திரும்பினாள்.

"அவன் ஏதோ சொல்ல வந்து விழுங்கிட்டான்" என்றாள். "என்னது அது?"

"ஒண்ணுமில்ல."

"காஸ். என்னது?"

"அட விடு யாஜா."

"நடுத்தெருவுல உக்காந்துருவேன். சொல்லு."

அவள் உட்காரக்கூடியவள்தான். காஸ் சொன்னான். புதன்கிழமைக் காலி பெஞ்சில் தொடங்கி, நாலு வார்த்தை, கடைசி ஞாயிறு, பிப்ரவரி டெலிபோன்வரை எல்லாவற்றையும் சொன்னான். செருப்புத் தைக்கிற கடை வாசலில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, கணக்கு வாத்தியார் மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"செயின்ட் லூயிஸ் ஆட்டத்துல சுவத்துல மோதிப் பிடிச்சானே?"

"நான்தான்."

"பாஸ்டன்காரன் அடிச்சது? மழை தூறிச்சே அன்னிக்கு?"

"நான்தான்."

"புல்லுல முட்டி போட்டு அள்ளினானே? எங்கப்பா தொப்பியைத் தூக்கிப் போட்டு அது திரும்பி வரவே இல்லையே?"

காஸ் யோசித்தான். "அது அவனே பிடிச்சது. அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு."

அதைச் சொன்னதும் அவள் நம்பிவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த முகம் சந்தோஷப்படவில்லை. கண் கலங்கி, கோபமாகவும் இருந்தது.

"பேக்கரில எத்தனை பேரோட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா உனக்கு?" என்றாள். "ஆறு வருஷம். எங்க அண்ணன்கூட ரெண்டு ஈஸ்டருக்குப் பேசல. என் புருஷன் சோம்பேறி இல்ல, வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்னு. எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து உன் மூஞ்சியைப் பாத்து, மனசுக்குள்ள நானும் அவங்க சொன்னதைத்தான் நெனச்சேன் காஸ். நின்னு வேடிக்கைதான் பாத்தான்னு. ஆறு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

மண்டபத்துச் சிரிப்பு வலித்ததைவிட இது அவனுக்கு வலித்தது. ஊரின் வாயை எப்படி மூடுவது என்றே ஆறு வருஷம் யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, வீட்டுக்குள்ளேயும் ஒருத்தி அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றவே இல்லை.

"நீ என்கிட்ட கேட்டிருக்கலாமே யாஜா" என்றான், குரலே எழும்பாமல்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"முதல் தடவை சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.